காதுக்குள் ஒரு கல்

கஸ்பார் தன் மகளை முதல்முறையாகத் தூக்கியபோது அவளுக்கு எட்டு வயது. தூக்கிய கையோடு அவள் அவன் சட்டையில் வாந்தி எடுத்தாள்.

சுற்றி நின்ற மருத்துவர்களும் அதிகாரிகளும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். கஸ்பார் யாரிடமும் அவளைக் கொடுக்கவில்லை. "இருக்கட்டும் சார், எம் பிள்ளதான" என்று அந்த ஈரத்தோடே அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அத்தனை வருடமாகத் திரையில் மட்டும் பார்த்த முகம். அவள் தலைமுடியில் மருந்தும் இரும்பும் கலந்த வாசனை அடித்தது. அப்படி ஒரு வாசனை அவளுக்கு இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. பின்னால் சக்கர நாற்காலியில் வந்த அவன் மனைவி ஜெசிந்தா சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

ஜெசிந்தா கடல் உயிர்களைப் படித்தவள். நிலாவின் தென்முனையில் இருந்த ஆய்வு நிலையத்துக்கு ஒரு வருட வேலையாகப் போனாள். புறப்படும் முன் எடுத்த சோதனையில் அகப்படாத அளவுக்குச் சின்னக் கரு ஒன்று அவளோடு போயிருந்தது. அது தெரியவந்தபோது, இந்த நிலையில் பூமிக்குத் திரும்பும் குலுக்கலைத் தாங்க முடியாது, பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பிள்ளை பிறந்த மாதத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த விண்ணோடம் ஒன்று வானத்திலேயே எரிந்து போனது. அதோடு ஆட்களை ஏற்றிவரும் பயணம் நின்றது. எட்டு வருடம் கழித்து அது மறுபடி தொடங்கும்வரை சரக்கு மட்டும் போய்வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் கஸ்பார், வேலை முடிந்து வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே மகள் பல் விழுந்ததையும் முளைத்ததையும் பார்த்தான். அவன் ஒன்று கேட்டால் பதில் வர இரண்டு மூன்று விநாடி ஆகும். அமலி அந்த இடைவெளியில் நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

இப்போது துறைமுகக் குடியிருப்பில் அவன் வீட்டுக் கூடத்தில் அவள் தரையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அப்படிப் படுத்தால்தான் உலகம் சுற்றாமல் நின்றது. தலையைத் தூக்கினால் சுவர் சாயும், கூரை காலடிக்கு வரும், வயிறு புரட்டும்.

அவள் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஜெசிந்தா நிலாவிலிருந்து கொண்டுவந்த, ஜெல்லி மீன் என்று சொல்லப்படும் சொறிமீன்கள் அதில் இருந்தன. கஸ்பாருக்கு அவற்றைப் பார்த்தாலே உடம்பு அரித்தது.

"எங்கப்பா வலையில இது விழுந்தா கெட்ட வார்த்த சொல்லித்தான் எடுத்துப் போடுவாரு" என்றான். "ஊரெல்லாம் தூக்கிப் போடுறத நீ நிலாவுக்குக் கொண்டு போயிட்டுத் திரும்பக் கொண்டாந்திருக்க."

"மூளை கிடையாது, இதயம் கிடையாது, ரத்தம் கிடையாது. உடம்பு முக்காவாசிக்கு மேல தண்ணிதான். கரையில போட்டு ஒரு வெயில் அடிச்சா ஈரம் மட்டும் மிஞ்சும். ஆனா மீனெல்லாம் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே கடல்ல இருக்கு" என்றாள் ஜெசிந்தா. "அந்தக் குடை ஓரத்தப் பாருங்க. சின்னச் சின்ன வெட்டு இருக்குல்ல? ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டுக் கல்லு இருக்கு. எந்தப் பக்கம் கல்லு அழுத்துதோ அதுதான் கீழ. அத வச்சுத்தான் மேல எது, கீழ எதுன்னு தெரிஞ்சு நீந்துது. நம்ம காதுக்குள்ளயும் அதே மாதிரிக் கல்லு உண்டு."

"அதுக்குத்தான் கொண்டு போனியா?"

"அதுக்குத்தான். எடை கம்மியான ஊர்ல பிறந்தா அந்தக் கல்லு எப்படி வளரும்னு பாக்க." அவள் மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தாச்சு. அங்க இழுக்குற பலம் கம்மி. அதனால உடம்பு கல்லப் பெருசா வளத்துக்குது. மெதுவாப் பேசுறவங்க பக்கத்துல காத வச்சுப் பழகுன மாதிரி. இங்க வந்தா அந்தக் காதுல ஒலிபெருக்கி வச்சுக் கத்துறாங்க."

தொட்டிக்குள் சொறிமீன்கள் நீந்தவில்லை. குடையை விரித்துச் சுருக்கி விரித்துச் சுருக்கி ஒரே இடத்தில் வட்டம் போட்டன. சில தலைகீழாகக் கவிழ்ந்து அடிக்குப் போய்க் கண்ணாடியில் முட்டின. அமலி அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள்.

"அங்க இருக்கும்போது எவ்வளவு அழகா போகும் தெரியுமா அப்பா" என்றாள் தரையிலிருந்தே. "இப்ப பாவம். அதுக்கும் வாந்தி வருமா அம்மா?"

"வாய் ஒண்ணுதான் அதுக்கு. சாப்புடுறதும் அது வழியாத்தான், வெளியேத்துறதும் அது வழியாத்தான். அதனால தெனமும் வாந்திதான்னு வச்சுக்கோயேன்."

அமலி சிரித்தாள். சிரித்ததில் தலை அசைந்து மறுபடியும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கஸ்பார் தரையில் அவள் பக்கத்தில் படுத்து, தன் கன்னத்தையும் தரையில் ஒட்டிக்கொண்டான். வேலை இல்லாத நேரமெல்லாம் அவர்கள் இருவரும் அப்படிப் படுத்தபடியே பேசினார்கள். கப்பல் எப்படி வரும், பெட்டியை எப்படித் தூக்குவது, தூத்துக்குடி மக்ரூன் இனிப்பை எப்படிக் கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைப்பது என்று அவன் சொன்னான். அங்கே பந்தை எறிந்தால் எவ்வளவு நேரம் கழித்துக் கீழே வரும் என்று அவள் சொன்னாள்.

வாரந்தோறும் டாக்டர் உமையாள் வீட்டுக்கே வந்தார். நிலையத்தை நடத்தும் கூட்டமைப்பு அவரை அமலிக்கென்றே அமர்த்தியிருந்தது. எலும்புக்கு மருந்து இருந்தது, இதயத்துக்குப் பயிற்சி இருந்தது. இரண்டும் பலித்தன. காதுக்கு மட்டும் அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. "மூளை கெட்டிக்காரத்தனமானது. பழகிக்கலாம். பாப்போம்" என்பார்.

அவள் பழகிக்கொண்டாள். அல்லது எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். ஒரு காலைப்பொழுதில் கஸ்பார் குளித்துவிட்டு வந்தபோது அமலி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்கவில்லை. வாசற்படி வரை நடந்தாள், திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் விழவில்லை.

"ஜெசி! ஏ ஜெசி! இங்க வந்து பாரு!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளெல்லாம் கூடிவிட்டன. அன்று அவன் துறைமுகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். முன்பின் தெரியாத லாரி டிரைவரிடமும் சொன்னான். சூசை அண்ணன் என்று அவன் கூப்பிடும் மூத்த ஆள் மட்டும், "எல, பிள்ளயப் போட்டு ரொம்ப வதைக்காதீய. நின்னா நிக்கட்டும், படுத்தா படுக்கட்டும்" என்றார். கஸ்பாருக்கு அது காதில் விழவே இல்லை.

கூட்டமைப்பின் ஆட்கள் வந்து அவள் நடப்பதைப் படம் எடுத்தார்கள். நிலாவில் பிறந்த பிள்ளை பூமியில் நடக்கிறாள் என்று உலகமெல்லாம் அது போனது. மாதா கோயிலில் சாமியார் பூசை முடிவில் அவள் பெயரைச் சொன்னார். நிலையத்தில் இனிக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று அனுமதி வரப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே வேலையில் இருந்த இளம் தம்பதிகள் அமலிக்கு வாழ்த்து அனுப்பினார்கள்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் முழுதாக மகிழ்ச்சி வரவில்லை. "தொட்டியில ஒண்ணுகூட இன்னும் நேரா நீந்தலீங்க" என்றாள்.

"அதுக்கு மூளை இல்லன்னு நீதான சொன்ன? எம் பிள்ளைக்கு இருக்கு."

இரவில் விளக்கை அணைக்க விடாமல் அமலி அடம்பிடித்தபோதும், புது இடம், இருட்டென்றால் பயம் என்றே இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

கடலைக் காட்ட வேண்டும் என்று கஸ்பாருக்கு ஆசை. தண்ணீரில் உடம்பு கனக்காது, அங்கே அவளுக்கு நிலாவில் இருப்பதுபோலச் சுகமாக இருக்கும் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்ததும் மூன்று பேரும் முயல்தீவுப் பக்கம் போனார்கள். அலையில்லாத நேரம். ஜெசிந்தாவைக் கரையில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மகளைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் மார்பளவுத் தண்ணீருக்குப் போனான்.

அவன் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. அவன் கைகளின்மேல் மல்லாந்து மிதந்து அமலி வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. "அப்பா, விடுங்க! கைய எடுங்க, நானே மிதக்கிறேன்!" என்றாள். அவன் ஒரு கையை எடுத்தான். பிறகு மற்றதையும் எடுத்தான்.

எங்கிருந்தோ ஒரு சின்ன அலை வந்து அவள் முகத்தை மூடியது. உப்பு கண்ணில் எரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கஸ்பார் பயப்படவில்லை. நிலையத்தின் நீச்சல் தொட்டியில் நீந்திப் பழகியவள், மேலே வந்துவிடுவாள். ஆனால் அவள் மேலே வரவில்லை. அவன் கீழே பார்த்தான். அமலி முழுப் பலத்தோடு, கையையும் காலையும் வேகமாக அடித்து நீந்திக்கொண்டிருந்தாள். மணலை நோக்கி நீந்திக்கொண்டிருந்தாள். தரையில் கை முட்டியதும் அதையே பிறாண்டினாள், மேலே ஏதோ கதவு மூடியிருப்பதுபோல.

அவன் மூழ்கி அவள் இடுப்பைப் பிடித்தான். அவள் உதறினாள். அவன் தன்னைக் கீழே இழுப்பதாக நினைத்து, பிடியை விடுவிக்கப் போராடினாள். அவன் விடவில்லை. வெளியே வந்ததும் மூச்சை இழுத்து, இருமி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கரையில் ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு அடி வைத்து, மணலில் விழுந்து, முழங்காலில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள்.

மணலில் மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அமலிதான் முதலில் பேசினாள்.

"எனக்கு மேல எதுன்னு தெரியலப்பா."

"கண்ண மூடிட்டல்ல மக்கா, அதான்."

"இல்லப்பா. எப்பவும் தெரியல." அவள் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணத் தொறந்திருந்தா கதவோட கோட்டப் பாப்பேன். சன்னலப் பாப்பேன். அதுக்கு நேரா நின்னுக்குவேன். உள்ள எல்லாம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். கண்ண மூடினா விழுந்துருவேன். அதான் வெளக்க அணைக்க வேண்டாம்னு சொல்லுவேன்."

"வாந்தி?"

"பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு எடுப்பேன்."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்பாருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"நான் நடந்தன்னிக்கு நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க" என்றாள் அமலி. "எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுனீங்க."

அவன் அவளைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கத்தினான். உள்ளே நகக்கண் அளவுக்குச் சின்னச் சொறிமீன்கள், நட்சத்திரம் போல ஓரம் பிரிந்தவை, மேலும் கீழும் சீராகத் துடித்துத் துடித்து நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கவிழவில்லை. "ஜெசி, சரியாயிட்டுது பாரு! நீந்துதுல்லா! அப்ப பிள்ளைக்கும் சரியாயிரும்!"

ஜெசிந்தா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இது அது இல்லீங்க. இது புதுசு" என்றாள். "சொறிமீன் நேரா சொறிமீனாப் பிறக்காது. முட்டையில இருந்து வர்ற குஞ்சு எங்கயாவது கல்லுல போய் ஒட்டிக்கிட்டு, செடி மாதிரி வளரும். வருசக்கணக்குல அப்படியே கிடக்கும். அப்புறம் ஒரு நாளு அந்தத் தண்டு, தட்டு மேல தட்டு அடுக்குன மாதிரி ஆகி, ஒவ்வொரு தட்டா கழண்டு நீந்திப் போகும். அங்க இருந்து ஒட்டுன கண்ணாடியோட தண்டுகளையும் கொண்டு வந்தேன். இதெல்லாம் இங்க வந்து கழண்டது. இங்கயே கல்லு வளந்தது. அதனால நீந்துது."

"பழசு?"

அவள் தொட்டியின் அடியைக் காட்டினாள். அமலி பெயர் வைத்தவற்றில் இரண்டுதான் மிச்சம். அவை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

டாக்டர் உமையாளும் அதையே வேறு சொற்களில் சொன்னார். கடலில் நடந்ததைக் கேட்டபிறகு அவர் புதிதாகச் சோதனை எடுத்திருந்தார். "அவளுக்குப் பிறக்கிற குழந்தை இங்க பிறந்தா சாதாரணமா இருக்கும். இவளுக்கு இனிமே கல் சின்னதாகாது. காது நரம்பை வெட்டி விடலாம், சுத்துறது நிக்கும். ஆனா மேல கீழங்கற உணர்வே இங்கயும் இருக்காது, அங்கயும் இருக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவங்க இங்கிருந்து அங்க போனா கொஞ்ச நாள்ல பழகிடுறாங்க. அங்க வளர்ந்த காது இங்க பழகாதுன்னு இப்பத்தான் தெரியுது. உங்க பொண்ணு வழியாத்தான் தெரியுது. என்னை மன்னிச்சிடுங்க."

"அந்தப் படத்தப் பாத்துட்டு அங்க யாராவது…" என்று ஜெசிந்தா தொடங்கினாள்.

"ரெண்டு பேர் கர்ப்பமா இருக்காங்க."

கஸ்பாரும் ஜெசிந்தாவும் கூட்டமைப்பின் முன்னால் போய் நடந்ததைச் சொன்னார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று அங்கே சிலர் நயமாகப் பேசிப் பார்த்தார்கள். ஜெசிந்தா அந்த இரண்டு பெண்களோடும் தானே பேசினாள். பெற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஊர் அதுதான் என்று தெரிந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்றாள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, அமலி எப்போது வருகிறாள், அவளுக்கு அறை ஒழித்து வைக்கட்டுமா என்று கேட்டாள்.

அமலி போக வேண்டும் என்பது அப்படி முடிவானது. யாரோடு போவது என்பதில் கஸ்பாருக்குச் சந்தேகமே இல்லை. ஜெசிந்தா கூட்டிப் போவாள், தான் பழையபடி திரைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான். உமையாள் ஜெசிந்தாவின் முதுகெலும்புப் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டியபோதுதான் அவனுக்குப் புரிந்தது. அத்தனை வருடத்தில் எலும்பு அரித்துப் போயிருந்தது. வளரும் பிள்ளைக்குப் பலித்த மருந்து அவளுக்குப் பலிக்கவில்லை. இன்னொரு முறை ஏவுகலத்தின் அழுத்தத்தை அவள் தாங்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தா சமையலறையில் புளியைக் கரைத்துக்கொண்டே முதுகைக் காட்டியபடி சொன்னாள். "அங்க சரக்கு இறக்க ஆளு வேணுமாம். பளுதூக்கி ஓட்டத் தெரிஞ்ச ஆளு. கேட்டு வச்சிருக்கேன்."

"நீ ஒத்தைக்கா இருப்பியா ஜெசி?"

"இத்தன வருசம் நீங்க ஒத்தைக்கு இருக்கலையா?"

"நான் ஆம்பள…"

"ஆம்பளன்னா அழாம இருந்தீங்களாக்கும்? திரையில எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" அவள் திரும்பினாள். கையெல்லாம் புளி. "எட்டு வருசம் நான் வச்சிருந்தேன். அவளுக்குச் சளி பிடிச்சா எந்தப் பக்கம் படுப்பா, கோவம் வந்தா எங்க போயி ஒளிவா, எல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாமா? போங்க. இங்க கடல் இருக்கு, தொட்டி இருக்கு. எனக்கு வேலை கிடக்கு."

அவள் அப்படிச் சொன்னாளே தவிர, புறப்படும் நாள்வரை மகளை விட்டு ஒரு கணம் விலகவில்லை. தரையில் இப்போது மூன்று பேரும் கன்னத்தை ஒட்டிப் படுத்துக் கிடந்தார்கள்.

பயணம் முழுக்கக் கஸ்பார் வாந்தி எடுத்தான். அமலி பெரியவள்போல அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நிலையத்தின் கதவு திறந்து உள்ளே போனபோது அவன் உடம்பு காற்றடைத்ததுபோல இருந்தது. ஓரடி வைத்தால் மூன்றடி போனது. சுவரில் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றான்.

அமலி அவன் தோளிலிருந்து இறங்கினாள். கால் தரையைத் தொட்டதும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு கண்களை மூடினாள். மூடியபடியே நின்றாள். ஆடவில்லை, சாயவில்லை. கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் ஓடினாள்.

மகள் ஓடி அவன் பார்த்ததே இல்லை. திரையில் தெரிந்ததெல்லாம் முகமும் தோளும்தான். நீண்ட அந்த நடைவழியில் அவள் ஒவ்வொரு எட்டுக்கும் மேலெழுந்து, மெதுவாக இறங்கி, மறுபடி எழுந்து போனாள். கடைசியில் திரும்பும் இடத்தில் சுவரைத் தட்டிவிட்டு மறைந்தாள். விழுந்துவிடுவாளோ என்று அவன் நெஞ்சு பதறவில்லை. பதறாமல் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கையில் கட்டியிருந்த பேசியில் ஜெசிந்தா காத்திருந்தாள். "எறங்கிட்டீங்களா? என்ன செய்றா?"

"ஓடிட்டா ஜெசி" என்றான். "எப்படி ஓடுறா தெரியுமா?"

இரண்டு மூன்று விநாடி கழித்து அவள் குரல் வந்தது. "முக்குல திரும்பும்போது எடது கையால செவுத்துல ஒரு தட்டுத் தட்டுவா. தட்டினாளா?"

"தட்டினா."

பதில் வர வேண்டிய நேரம் கடந்தும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. நடைவழியின் மறுகோடியிலிருந்து, "அப்பா! வாங்கப்பா, இங்க வந்து பாருங்க!" என்று சத்தம் கேட்டது.

"கூப்புடுறா பாருங்க" என்றாள் ஜெசிந்தா. "போங்க."